அடுக்களைச் சுவர் பொளி

"...பொளி" என்ற சொல்லோடு போன் அறுந்துவிட்டது.

சுவாமிதாஸ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்து, "ஹலோ, மோளே? ஹலோ?" என்றார். முற்றத்தில் தரைக்கல் வெட்டும் மெஷின் வீறிட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு, அந்த எண்ணைத் திரும்ப அழைத்தார். நீங்கள் அழைக்கும் நபர் போனை அணைத்து வைத்திருக்கிறார் என்று ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொன்னது.

"தேங்க்ஸ்" என்றார் சுவாமிதாஸ். பதிவு செய்யப்பட்ட குரலுக்கும் நன்றி சொல்லும் மனிதர் அவர்.

பேசியது விஷ்ணுப்ரியா. வலியசாலை அக்ரஹாரத்துப் பெண்; கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. விமானம் ஏறப்போகிற அவசரத்தில் பேசினாள். அவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "அங்கிள், ஞான் விஷ்ணுப்ரியாவாக்கும். ஹைதராபாத் போறேன். நம்ம கிச்சனுக்கும் டைனிங்குக்கும் எடையிலே ஒரு சுவர் உண்டல்லோ... அது பொளி..."

பொளி என்றால் இடி. பொளிக்கணும் என்றால் இடிக்கவேண்டும். திருவனந்தபுரத்தில் கட்டட வேலை செய்கிற எவருக்கும் இது முதல் நாளே பழகிவிடும் சொல். சுவாமிதாஸ் பிறந்த மார்த்தாண்டம் பக்கத்திலும் அதே சொல்தான்.

அவர் உள்ளே போய் அந்தச் சுவரின் முன்னால் நின்றார். இரண்டு பக்கமும் பூசி, வெள்ளையடித்து, முட்டை ஓடு மாதிரி இருந்தது.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சுவாமிதாஸ் இதுவரை பிறருக்கு வீடு கட்டிக்கொடுத்த கான்ட்ராக்டர். அந்த வேலையில், வீட்டுக்காரர் முன்னால் நின்று தனக்கு வேண்டியதைச் சொல்வார், இவர் கட்டுவார். பாப்பனங்கோட்டில் நிற்கும் இந்த வீடு அப்படியல்ல. இவரே முதல்போட்டு, இவரே கட்டி, பிறகு ஆள் தேடி விற்கவேண்டிய வீடு. கண்ணால் காணாத மாப்பிள்ளைக்கு அளவெடுக்காமல் சட்டை தைத்து வைத்துக்கொண்டு, அது யாருக்குப் பொருந்தும் என்று தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பது போன்ற வேலை.

நிலமும் சாதாரண நிலமல்ல. அவரும் மனைவி ஜெயஷீலாவும் தாங்கள் குடியிருக்க வீடு கட்டுவதற்கென்று வாங்கிப்போட்டது. "இதுல ஒண்ணு கெட்டி வித்தா, அடுத்தது நமக்குக் கெட்டலாம்" என்று அவர் சொன்னபோது ஜெயஷீலா சம்மதித்தாள். "ஆனா அடுத்ததுல அடுக்களை நான் சொல்லுத மாதிரி" என்று மட்டும் சொன்னாள். இது விற்காவிட்டால் அடுத்தது இல்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டும் கான்ட்ராக்டர் வாடகை வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான்.

பார்க்க வந்தவர்கள் நிறைய. எல்லாரும் மலையாளத்தில் "கொள்ளாம்" என்று மெச்சினார்கள். கொள்ளாம் என்று சொன்ன ஒருவர்கூடக் கொள்ளவில்லை. இரண்டாவது தடவை வந்து பார்த்தவர்கள் இந்த வலியசாலைக் குடும்பம் மட்டுமே. அப்பா சாம்பசிவன், பேங்கில் ரிட்டயர் ஆனவர். குழாய் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்தார். மகள் அறைக்கு அறை போட்டோ எடுத்தாள். அம்மா ஜெயலக்ஷ்மி அடுக்களைச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் வந்து முடிவைச் சொல்கிறோம் என்று போயிருந்தார்கள்.

இன்று புதன்கிழமை.

"நயினாரே, இந்தச் சுவரைப் பொளிக்கணும்" என்றார் சுவாமிதாஸ்.

கொத்தனார் நயினார் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார். வள்ளியூர்க்காரர், சுவாமிதாஸின் எல்லா வீடுகளிலும் முதல் கல் வைத்த கை. "எந்தச் சுவரு அண்ணாச்சி? இதுவா? இது என்ன பாவம் செஞ்சுது?"

"வாங்குதவங்க சொல்லுதாங்க. இப்போ எல்லா பிள்ளைகளுக்கும் தொறந்த அடுக்களைதான் இஷ்டம். சமைச்சுக்கிட்டே டிவி பாக்கணும்."

"பொளிச்சா மேல தாங்குமா?"

இந்தக் கேள்வி கேட்டால் சுவாமிதாஸுக்கு உற்சாகம் வந்துவிடும். "நல்லா கேட்டீரு, தேங்க்ஸ். மேல பாரும், அந்தப் பீமு. கூரையோட பாரம் பீமுக்கு வருது, பீமுல இருந்து தூணுக்கு, தூணுல இருந்து மண்ணுக்கு. இந்தச் சுவரு அரைக்கல்லு கனம். எதையும் தாங்கல்ல. ரெண்டு அறைக்கு நடுவுல வெட்கத்துக்கு நிக்குது, அம்புட்டுதான்."

வெட்கத்துக்கு நின்ற சுவர் சாயங்காலத்துக்குள் செங்கல் குவியலாகிவிட்டது. அதில் இருந்த சுவிட்ச் பலகை மட்டும் ஒயர்களைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் ஆடியது.

சுவாமிதாஸ் அந்த வெட்டவெளியை போனில் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். விஷ்ணுப்ரியாவுக்கு அனுப்ப, படத்தின் கீழே 'பொளிச்சாச்சு மோளே' என்று எழுதிக்கொண்டிருந்தபோது, ஜெயஷீலா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இது என்னவாக்கும்? நம்ம வீட்டு அடுக்களைல்லா? யாரு இடிச்சது?"

"அந்தப் பிள்ளை போன் பண்ணி பொளின்னு சொல்லிச்சு."

"எப்படிச் சொல்லிச்சு? அப்படியே சொல்லுங்க பாப்போம்."

"கிச்சனுக்கும் டைனிங்குக்கும் எடையில ஒரு சுவர் உண்டல்லோ, அது பொளி. அப்படி."

ஜெயஷீலா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு பெண்கள் கல்லூரியில் ஆபீஸ் வேலை. நாள் முழுக்க மாணவிகளின் பேச்சுக்கு நடுவில் இருப்பவள்.

"நேத்து நான் அந்தப் பச்சைச் சேலை கெட்டிட்டுப் போனேன்லா? பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து, 'சேச்சி, சாரி பொளி!'ன்னு சொல்லிச்சு. நான் என்ன, சேலையைக் கிழிச்சுப் போட்டுட்டா வீட்டுக்கு வந்தேன்?"

சுவாமிதாஸுக்கு அப்போதும் விளங்கவில்லை.

"இப்போ பிள்ளைகளுக்குப் பொளின்னா அட்டகாசம்னு அர்த்தம்! படம் பொளி, பிரியாணி பொளி, சேலை பொளி. அந்தச் சுவரு அட்டகாசமா இருக்குன்னு சொல்லியிருக்கு, பாவம். நீங்க அதை..."

"சுவரை யாராவது அட்டகாசம்னு சொல்லுவாங்களா?"

"பின்ன, வலியசாலைப் பிள்ளை, ஒங்க வயசுக்கு ஒங்ககிட்ட பொளின்னு அதிகாரமா சொல்லுமா? 'பொளிக்கணும் அங்கிள், ப்ளீஸ்'னுல்லா சொல்லும்?"

சுவாமிதாஸ் போனில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தார். பூசிய சுவரை ஒரு பெண் மனதாரப் புகழ்ந்திருக்கிறாள். அவர் கட்டிய ஒரு சுவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதற்கு அவர் சம்மட்டியால் பதில் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் படத்தை அழியுங்க மொதல்ல. அது மெச்சினதுக்கு ஒரு நன்றி போட்டுட்டு விடுங்க" என்றாள் ஜெயஷீலா.

அவர் 'ரொம்ப நன்றி மோளே' என்று அனுப்பினார். சற்று நேரத்தில் பதில் வந்தது. 'தேங்க்யூ ஸோ மச் அங்கிள்! ஞாயிறாழ்ச்ச காணாம்.' ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று. பக்கத்தில் இரண்டு கைகள் கும்பிட்டபடி இருந்தன.

"கண்டீங்களா?" என்றாள் ஜெயஷீலா. "நல்ல மனசு. அந்த மனசு ஞாயித்துக்கெழமை வந்து பாக்கும்போ அங்க சுவரு இருக்கணும்."

மறுநாள் காலை நயினாரிடம் விஷயத்தைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"கெட்டணுமா? நேத்து பொளின்னீங்களே அண்ணாச்சி."

"நேத்து சொன்ன பொளி வேற பொளி."

"பொளியில எத்தனை பொளி இருக்கு?"

"ரெண்டு. ஒண்ணு வயசானவங்களுக்கு, ஒண்ணு பிள்ளைகளுக்கு."

நயினார் சிரித்துக்கொண்டே செங்கற்களைத் தண்ணீரில் போட்டார். வியாழன் மாலைக்குள் சுவர் எழுந்தது. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார்கள், நூல் பிசகவில்லை. வெள்ளி காலையில் பூச்சு. அதுவும் சுத்தம். இனி மீதி ஒன்றே ஒன்றுதான், காய வேண்டும்.

பலரும் நினைப்பது போல சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. அது தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. அதனால்தான் பூசிய சுவருக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆனால் பெயின்ட் அடிக்கவேண்டுமானால் அதே சுவர் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். முதலில் நிறைய குடிக்கவேண்டும், பிறகு பட்டினி கிடக்கவேண்டும். இரண்டுக்கும் வாரக்கணக்கில் பொறுமை தேவை. சுவாமிதாஸிடம் இருந்ததோ ஒரு சனிக்கிழமை. போதாக்குறைக்குத் துலாவர்ஷம், ஐப்பசி மழைக்காலம். மத்தியானமானால் இடி, மழை. காற்றே ஈரத்துணி மாதிரி இருந்தது.

அவர் யூசுப்பைக் கூப்பிட்டார். கல்யாணங்களுக்குப் பந்தல், நாற்காலி, ஃபேன் வாடகைக்கு விடுபவர்; பழைய சிநேகிதர். யூசுப் ஒரு டெம்போ நிறைய ராட்சத ஃபேன்களோடு வந்து இறங்கினார்.

"எந்தா அண்ணே, கல்யாணம் ஆர்க்கு?"

"சுவத்துக்கு."

"செரி. பொண்ணு எவிடே?" என்று கேட்டுக்கொண்டே யூசுப் ஃபேன்களைச் சுவரைப் பார்த்து நிறுத்தினார். வாடகை பேசவே விடவில்லை. "என்டெ கிச்சன் ஒழுகினப்போ நீங்க மழையிலே ஏறி அடைச்சது மறந்துட்டேனா? போங்க அண்ணே."

சனிக்கிழமை காலையில் சுவர் காய்ந்திருந்தது. கூடவே, மேலிருந்து கீழ்வரை மயிரிழை மயிரிழையாக வெடித்தும் இருந்தது. காற்று மேல்தோலின் ஈரத்தை மட்டும் உறிஞ்சிவிட்டது. தோல் சுருங்கியது, உள்ளே இருந்த சதை சுருங்கவில்லை. தோல் கிழிந்துவிட்டது.

"ஆத்து வரைபடம் மாதிரி இருக்கு" என்றார் நயினார்.

வெடிப்புகளைப் புட்டி மாவு வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வந்து பார்த்தபோது சுவரெங்கும் கொப்புளங்கள். பெயின்ட் என்பது ஒரு மெல்லிய தோல். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வர அதை முட்டித் தள்ளுகிறது. முட்டிய இடமெல்லாம் சுவர் எண்ணெயில் போட்ட பப்படம் போல உப்பியிருந்தது.

"இப்போ நிஜமாவே பொளி" என்றார் யூசுப். எந்தப் பொளி என்று யாரும் கேட்கவில்லை.

கொப்புளங்களைச் சுரண்டி மறுபடி பூசிக்கொண்டிருந்தபோது எலக்ட்ரீஷியன் பிரதீஷ் வந்து, ஆடிக்கொண்டிருந்த ஒயர்களைச் சுவிட்ச் பலகையில் கோத்துவிட்டு, இன்னொரு வேலைக்கு ஓடினார். அவர் போன பிறகு அடுக்களை விளக்கைப் போட்டால் வாசல் மணி அடித்தது. வாசலில் மணியை அழுத்தினால் அடுக்களையில் விளக்கு எரிந்தது. பிரதீஷின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண்குரலுக்கு இந்த முறை சுவாமிதாஸ் நன்றி சொல்லவில்லை.

நயினாரும் ஆட்களும் சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போகிற பஸ் போய்விட்டிருந்தது.

"நயினாரே, வீட்டுல தேடுவாங்களே" என்றார் சுவாமிதாஸ்.

"தேடட்டும். என் வீட்டுக் கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்னைக்கு, மிக்சரை லாரியில ஏத்திக்கிட்டு வள்ளியூர் வந்து நின்னீங்களே, அன்னைக்கு ஒங்க வீட்டுல தேடலியா?" நயினார் திரும்பிப் பார்க்காமல் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இந்த வீடு போனாத்தான் அடுத்த வீடு. அதுல ஜெயஷீலா மயினிக்கு அடுக்களை கெட்டணும்லா."

சுவாமிதாஸ் வாயைத் திறந்தார். தேங்க்ஸ் என்ற சொல்லைப் பதிவுக் குரல்களுக்கெல்லாம் செலவழித்துவிட்டதால், வேண்டிய நேரத்தில் அது வரவில்லை. தேய்ப்புக்காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு நயினார் பக்கத்தில் போய் நின்றார்.

கடைசியில் சுவர் கிட்டத்தட்ட வெள்ளையாக, கிட்டத்தட்டச் சமமாக, முழு ஈரமாக நின்றது. மிச்சத்தை மறைக்க யூசுப் ஒரு திரை கொண்டுவந்தார். சிவப்பு வெல்வெட், ஓரங்களில் தங்க ஜரிகை, மணமக்கள் நாற்காலிக்குப் பின்னால் தொங்கவிடுவது.

"இது அடுக்களையில எதுக்குன்னு கேட்டா?" என்றார் சுவாமிதாஸ்.

"டிசைன்னு சொல்லணும். அதிலே ஆரும் மேலே கேக்க மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயஷீலா ஃபிளாஸ்கில் டீயோடு வந்துவிட்டாள். வலியசாலைக் கார் வந்து நின்றது. சாம்பசிவன் இறங்கியதும் நேராக முற்றத்துக் குழாயைத் திறந்து பார்க்கப் போனார். விஷ்ணுப்ரியா யாருக்கும் காத்திராமல், சிரித்துக்கொண்டே அடுக்களைக்கு ஓடினாள். பின்னால் ஜெயலக்ஷ்மி மெதுவாக வந்தார்.

விஷ்ணுப்ரியாவின் சிரிப்பு அடுக்களை வாசலில் நின்றுவிட்டது. சிவப்புத் திரையைப் பார்த்தாள். ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே இருந்த சுவரைப் பார்த்தாள்.

"அங்கிள்... சுவர்..."

ஈரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்து சுவாமிதாஸ் அவசரமாக முன்னால் வந்தார். "ஆமா மோளே, அதே சுவருதான்! அன்னைக்கு நீங்க பாத்த அதே சுவரு. ஒரு மாத்தமும் இல்ல."

"அதே சுவர்" என்றாள் விஷ்ணுப்ரியா. அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.

"இங்கே இருட்டா இருக்கே" என்று ஜெயலக்ஷ்மி சுவிட்சைப் போட்டார். வாசல் மணி அடித்தது.

"ஆரோ வந்திருக்கா" என்றார் சாம்பசிவன், உள்ளே நுழைந்தபடி. சுவாமிதாஸ் வாசலுக்கு ஓடினார், யாரும் இல்லாத வாசலைப் பார்த்து "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குள் ஜெயலக்ஷ்மி சுவிட்சை அணைத்து மறுபடி போட்டிருந்தார்.

"மறுபடியும் ஆரோ" என்றார் சாம்பசிவன்.

"பக்கத்து வீட்டு மணியாக்கும் சார். இங்க நல்லா கேக்கும்" என்றாள் ஜெயஷீலா, டீயை நீட்டி.

சாம்பசிவன் டீயைக் குடித்துவிட்டு, மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மகளை அழைத்துக்கொண்டு படியேறினார். விஷ்ணுப்ரியா திரும்பித் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஜெயலக்ஷ்மி திரையை விலக்கினார். அன்று போலவே உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். சுவாமிதாஸ் "மாமி, வேண்டாம்" என்று சொல்வதற்குள் கை பதிந்துவிட்டது. எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்க வெள்ளை. சுவரில் ஐந்து விரல்.

சுவாமிதாஸ் கண்களை மூடிக்கொண்டார். தன் வீடும், ஜெயஷீலாவின் அடுக்களையும், நயினாரின் பஸ்ஸும் அந்த ஐந்து விரல்களுக்குள் கரைந்துபோவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"இதையே முடிச்சுடலாம்னு அவர்ட்டே ராத்திரியே சொல்லிட்டேன்" என்றார் ஜெயலக்ஷ்மி. "இந்தச் சுவர் இங்கே நின்னா வாங்கலாம், இல்லேன்னா வேண்டாம்னு சொன்னேன். எங்க அக்ரஹாரத்து ஆத்திலே வாசக்கதவும் அடுக்களைக் கதவும் கொல்லைக் கதவும் ஒரே நேரே. கல்யாணமாகி வந்த நாள் முதல், தெருவிலே போறவாளுக்கெல்லாம் என் ஈயச்சொம்பிலே என்ன கொதிக்கறதுன்னு தெரியும். எனக்குன்னு ஒரு சுவர் வேணும்னு எத்தனை வருஷம் நெனச்சிருக்கேன், கேட்டேளா?"

சுவாமிதாஸ் ஒரு கண்ணைத் திறந்தார்.

ஜெயலக்ஷ்மி படிக்கட்டை எட்டிப் பார்த்தார். மகளின் காலடிச் சத்தம் மொட்டைமாடிக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும், வெள்ளைக் கையையும் மற்ற கையையும் சேர்த்துக் கும்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"என் பொண்ணு ஃபோன்லே கூப்பிட்டு இந்தச் சுவரைப் பொளிக்கணும்னு சொன்னாளாமே, அப்படியும் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாம அப்படியே காப்பாத்தி வெச்சேளே, அந்த நன்றியை நான் எந்த ஜன்மத்திலே தீர்ப்பேன்!"